பட்டறைக் கேள்வி பதில்: ஆற்றைப் பார்த்துப் பிளான் எடுங்கள்

நோர்வூட் பக்கம் ஒரு தேயிலை ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) 31 வருடம் தச்சு வேலை பார்த்தேன். காசல்ரீ நீர்த்தேக்கத்தில் மீன் பிடிக்க மாமாவோடு சேர்ந்து மூன்று படகு கட்டியதைப் போன மாதம் இந்தப் பக்கத்தில் இரண்டு வரியில் எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் பாதி படகைப் பற்றித்தான். அதனால் கதவு, ஜன்னல், கட்டில் கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டேன்.

கேள்வி: ஐயா, ஆற்றங்கரையில் வீடு. நானும் மச்சானும் மகாவலியில் மீன் பிடிக்க, அக்கரைக்குப் போய்வர 12 அடியில் ஒரு மரப்படகு கட்ட ஆசைப்படுகிறோம். மூன்று பிளான் எடுத்து வைத்திருக்கிறேன். ஒன்று தட்டை அடி, ஒன்று ஆப்பு போலக் கூரான அடி, ஒன்று உருண்டை அடி. உருண்டை அடிப் படகுதான் படத்தில் அழகு. எதை எடுப்பது? – வாசகர், நாவலப்பிட்டி

பதில்: தம்பி, மூன்று பிளானையும் பெட்டிக்குள் வைத்துவிட்டு முதலில் ஆற்றுக்குப் போங்கள். எங்கே இறக்குவீர்கள், எங்கே கரையேற்றுவீர்கள், அங்கிருந்து வீடு வரை யார் தூக்குவது என்று பாருங்கள். மாசி, பங்குனியில் உங்கள் பக்கம் மகாவலியில் பாறை தலைகாட்டும், பல இடங்களில் முழங்கால் தண்ணீர்தான். ஆனி, ஆடியில் அதே இடம் செம்மண் நிறத்தில் கரைபுரண்டு ஓடும். அந்த நாட்களில் எந்தப் படகையும் இறக்கக்கூடாது. அப்படியானால் உங்களுக்கு வேண்டியது மழை குறைந்த மாதங்களில், ஆழமில்லாத தண்ணீரில், பாறைக்கு மேலே வழுக்கிப் போகிற படகு. அது தட்டை அடிதான்.

கூர் அடி மோட்டார் பூட்டி அலையை வெட்டிக்கொண்டு ஓடுவதற்கானது. துடுப்புக்கு அது வீண் பாரம். உருண்டை அடி அழகு, நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்கு விலா எலும்பு மாதிரிச் சட்டங்களை நீராவியில் வளைக்க வேண்டும், ஒவ்வொரு பலகையையும் தனித்தனியாகச் சீவிப் பொருத்த வேண்டும். முதல் படகுக்கு அது வேண்டாம். தட்டை அடியிலும் அடிப்பலகை நேர்கோடாக இல்லாமல் முன்னும் பின்னும் மெல்ல மேலே வளைந்திருக்கும் பிளானை எடுங்கள். அந்த வளைவு இருந்தால்தான் ஓட்டத்தில் படகைத் திருப்ப முடியும்.

ஒரு சின்னக் கணக்கு. 12 அடி நீளம், 3 அடி அகலத் தட்டைப் படகு தண்ணீரைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 27 சதுர அடி. அது ஒரு அங்குலம் கீழே இறங்க சுமார் 64 கிலோ வேண்டும். அதாவது ஒரு ஆள் ஏறினால் ஒரு அங்குலம். நீங்கள் இருவர், படகின் சொந்த எடை, வலை எல்லாம் சேர்த்து 173 கிலோ என்று வைத்தால் மூன்று அங்குலத்துக்குள் மிதக்கும். பிளானில் சுமை எவ்வளவு, அப்போது எவ்வளவு தாழும் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். எழுதாத பிளான் வெறும் படம்.

இனி நான் எல்லாரிடமும் வற்புறுத்துகிற விஷயம். பிளைவுட் வாங்குவதற்கு முன் பிஸ்கட் பெட்டி அட்டையில் ஒரு மொடல் செய்யுங்கள், ஒரு அடிக்கு ஒரு அங்குலம் என்ற கணக்கில். உங்கள் 12 அடிப் படகு 12 அங்குலம் ஆகிவிடும். பிளானில் உள்ள பலகை வடிவங்களை அட்டையில் வரைந்து வெட்டி ஓரங்களை டேப்பால் ஒட்டுங்கள். ஒட்டும்போதே தெரிந்துவிடும், முன்மூக்கில் இரண்டு பக்கமும் சேரவில்லை என்றால் வரைந்தது தப்பு, அல்லது பிளானே தப்பு. பிறகு மெழுகுதிரியை உருக்கி உள்ளும் புறமும் பூசி, பீலித் தொட்டியில் மிதக்கவிடுங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றும் 12இல் ஒரு பங்கானால் எடை 1,728இல் ஒரு பங்கு. 173 கிலோவுக்கு 100 கிராம். மொடலைத் தராசில் வைத்து, மொடலும் பருப்பும் சேர்ந்து 100 கிராம் வரும்வரை பருப்பு போடுங்கள். அது தண்ணீரில் எப்படி உட்காருகிறதோ அப்படித்தான் உங்கள் படகும் உட்காரும். பருப்பை ஒரு ஓரத்துக்குத் தள்ளிப் பாருங்கள். மச்சான் மீன் மாட்டிய சந்தோஷத்தில் ஒரு பக்கம் எழும்பினால் என்ன நடக்கும் என்று அந்தத் தொட்டியே காட்டும்.

பிளானைக் கடையில் பிரின்ட் எடுக்கும்போது ஒரு கவனம் வேண்டும். பெரும்பாலும் ஓரத்தில் அளவு பார்க்க ஒரு கோடு இருக்கும், 100 மி.மீ. என்று. அதை ஸ்கேலால் அளந்து பார்க்காமல் வெட்ட வேண்டாம். பிரின்டர் தாளுக்குப் பொருத்தமாகக் கொஞ்சம் சுருக்கி அடித்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது.

பிளைவுட் தாள் 8 அடிக்கு 4 அடி. 12 அடிப் படகுக்கு இரண்டு தாளைச் சரிவாகச் சீவி ஒட்ட வேண்டும். கனத்தைப் போல் 8 மடங்கு சரிவு, 6 மி.மீ. தாளுக்கு 48 மி.மீ. அந்தச் சீவலுக்குப் பயமாக இருந்தால் இரண்டு தாளையும் முட்டவைத்து, உள்பக்கம் ஒரு பட்டிப் பலகை ஒட்டலாம். பார்வைக்குக் கொஞ்சம் குறைவுதான், பலத்துக்குக் குறைவில்லை.

கடைசியாக ஒன்று, இது பிளானில் இல்லாவிட்டாலும் நீங்கள் சேர்க்க வேண்டியது. முன்னும் பின்னும் உட்காரும் பலகைக்குக் கீழே காற்றுப் புகாத பெட்டி அடியுங்கள். 12 அங்குலம், 14 அங்குலம், 3 அடி அளவில் ஒரு பெட்டி 99 லீட்டர் பிடிக்கும். படகு தண்ணீரால் நிரம்பினாலும் அந்தப் பெட்டி ஒவ்வொன்றும் ஏறத்தாழ 99 கிலோவைத் தாங்கும். மிதவை அங்கி இல்லாமல் ஏறக்கூடாது. நீந்தத் தெரியும் என்று சொல்ல வேண்டாம். மகாவலி எத்தனை நீச்சல்காரரைக் கொண்டுபோயிருக்கிறது என்று உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: ஐயா, எங்கள் அப்பா தச்சு பாஸ். இப்போது இல்லை. அவருடைய பெட்டியில் ஒரு கைவாள், ஒரு சின்னச் சீவுளி, மூன்று உளி, மூலைமட்டம் இருக்கின்றன. எல்லாம் துருப்பிடித்துவிட்டன. தம்பியும் நானும் படகு கட்டப் போகிறோம். புதிதாக என்னென்ன வாங்க வேண்டும்? கடையில் எழுதித் தந்த பட்டியல் ஒரு பக்கம் இருக்கிறது. – வாசகி, பொகவந்தலாவை

பதில்: பிள்ளை, அந்தப் பட்டியலை ஒரு பக்கம் வைத்துவிட்டு அப்பாவின் பெட்டியை வெளியே எடுங்கள். படகு வேலையில் முக்கால் பங்கு அதற்குள்ளேயே இருக்கிறது.

சீவுளியில் இருந்து தொடங்குங்கள். தகட்டைக் கழற்றி மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துருவைத் துடையுங்கள். பிறகு கண்ணாடித் துண்டின் மேல் சாண்ட் பேப்பரை ஒட்டி, தகட்டின் பின்பக்கத்தை, சரிவு இல்லாத பக்கத்தை, படுக்கவைத்துத் தேயுங்கள். இங்கேதான் எல்லாரும் பிழை விடுகிறார்கள். முன்பக்கச் சரிவை மட்டும் தீட்டுவார்கள். பின்பக்கத்தில் துரு தின்ற குழி விளிம்புவரை இருந்தால், முன்பக்கம் எவ்வளவு தீட்டினாலும் விளிம்பு கூர்மையாகாது. பின்பக்க நுனியில் ஒரு விரல்கடை அகலம் கண்ணாடி மாதிரி மின்ன வேண்டும், அது போதும். பிறகு முன்சரிவை எண்ணெய்க்கல்லில் 25 பாகையில் வைத்து, பின்பக்கம் நகத்தில் தடக்குகிற ஒரு மெல்லிய பிசிறு விளிம்பு முழுக்க எழும்பும்வரை தீட்டுங்கள். அந்தப் பிசிறுதான் அடையாளம். அதைக் கல்லில் படுக்கவைத்து ஒரே இழுப்பில் எடுத்துவிட்டு, பலகையின் வெட்டுமுகத்தில் சீவிப் பாருங்கள். தூளாக உதிர்ந்தால் இன்னும் காணாது. வெட்டுமுகத்திலும் சுருளாக வந்தால் அப்பாவின் சீவுளி திரும்பிவிட்டது.

உளிகளுக்கும் இதே முறைதான். கைவாளின் பல்லைத் தீட்டப் பழகியவரிடம் கொடுங்கள். முதல் தடவையே அதில் கைவைக்க வேண்டாம்.

இனி வாங்க வேண்டியவை. ஒரு டிரில், 2 மி.மீ. அலகுகள் நாலைந்து (முறியும், அதனால்தான்). கிராம் காட்டும் சமையலறைத் தராசு ஒன்று, பசை கலக்க. கையுறை ஒரு பெட்டி, தூசு முகமூடி. சரிவுக் கோணம் எடுக்கும் சாய்மட்டம் இல்லையென்றால் இரண்டு மரத் துண்டை ஒரு போல்ட்டால் இறுக்கி நீங்களே செய்யலாம். ஜிக்சோ மின்வாள் வாங்க வேண்டாம், இரண்டு நாளைக்கு யாரிடமாவது கேட்டு வாங்குங்கள். பலகைகளை வெட்டி முடித்தால் அதற்கு வேலை இல்லை. வெட்டும்போது கோட்டுக்கு வெளியே ஒரு நூல் விட்டு வெட்டி, மிச்சத்தைச் சீவுளியால் எடுங்கள். இரண்டு பக்கப் பலகையையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துச் சேர்த்தே சீவினால் இரண்டும் ஒரே அளவில் வரும்.

கிளாம்ப்தான் கைக்குப் போதாது என்று தோன்றும், முப்பது நாற்பது தேவைப்படும். 4 அங்குல பிவிசி குழாயை இரண்டு அங்குல வளையங்களாக அறுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு வெட்டு போடுங்கள். விரித்து மாட்டினால் படகின் மேல்விளிம்பில் ஓடும் ஓரச் சட்டத்தைக் கவ்விப் பிடிக்கும். மீதிக்குப் பழைய சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி இழுத்துக் கட்டுங்கள். நான் மூன்று படகையும் அப்படித்தான் கட்டினேன்.

பலகைகளைத் தைக்க செப்புக் கம்பி வேண்டும். வீட்டு லைட்டுக்கு இழுக்கும் 1/1.13 வயரின் மேலுறையை உரித்தால் உள்ளே ஒற்றைக் கம்பி, அதுவே போதும். ஓரத்திலிருந்து 9 மி.மீ. உள்ளே, நாலைந்து அங்குலத்துக்கு ஒரு துளை. கம்பியைக் கோர்த்து வெளியே முறுக்கி இழுக்க இழுக்கத் தட்டையாகக் கிடந்த பலகைகள் எழும்பிப் படகாக நிற்கும். அந்த ஒரு மத்தியானத்துக்காகவே படகு கட்டலாம், பிள்ளை. நம் கடற்கரைகளில் முன்பு தென்னங்கயிற்றால் பலகை தைத்துத்தான் படகு கட்டினார்கள். நாம் கயிற்றுக்குப் பதிலாகக் கம்பியும் பசையும் எடுக்கிறோம்.

கேள்வி: தம்பி மவுசாக்கலை நீர்த்தேக்கத்தில் மீன் பிடிக்கிறான். தோட்டத்தில் விழுந்த சவுக்கு மரம் சும்மா கிடைக்கிறது. பிளைவுட் வாங்காமல் அதிலேயே படகு கட்ட முடியாதா? கட்டாயம் பிளைவுட் என்றால் எதைப் பார்த்து வாங்குவது? – வாசகி, மஸ்கெலியா

பதில்: தங்கச்சி, நாம் சவுக்கு என்று சொல்லும் கிரெவிலியா தேயிலைக்கு நிழல் கொடுக்க நட்ட மரம். ஈரத்தில் சீக்கிரம் உளுக்கும். படகின் உடம்புக்கு வேண்டாம். ஆனால் வீணாக்கவும் வேண்டாம். படகைக் கட்டும்போது வடிவத்தைப் பிடித்து நிறுத்தும் தற்காலிகச் சட்டங்களுக்கு அது நல்லது.

ஓரச் சட்டம், உட்காரும் பலகை இவற்றுக்கு மஹோகனி பார்க்கலாம், முறுக்காது. மலைவேம்பு கிடைத்தால் இன்னும் பாரம் குறைவு. தெற்கே ஓருப் படகுகளுக்கு (பக்கமிதவை வைத்த மீன்பிடிப் படகு) அதை விரும்பி எடுப்பார்கள். பலா நல்ல உறுதி, ஆனால் கனம், அதை வெட்ட அனுமதியும் வேண்டும். கிராண்டிஸ் யூக்கலிப்டஸ் எங்கும் கிடைக்கிறது என்று பச்சையாக வாங்கிவிடாதீர்கள். காயும்போது திருகிக்கொள்ளும். எந்த மரமானாலும் ஒரு சின்னத் துண்டை வாராவாரம் தராசில் வைத்து எடையைக் குறித்துவையுங்கள். நாலு வாரம் எடை மாறாமல் நின்றால்தான் காய்ந்ததாகக் கணக்கு. நம்முடைய பனியில் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

பிளைவுட் விஷயத்தில் நான் பட்ட அடியைச் சொல்கிறேன். என் முதல் படகுக்கு ஒரு கடையில் படகுக்கான மரைன் பிளைவுட் என்று சொல்லித்தான் தந்தார்கள். தாளில் சீல்கூட இருந்தது. அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் அடிப்பலகை புத்தகத்தாள் மாதிரி விரிந்துவிட்டது. மூன்று மாதச் சம்பளம் போனது. நல்லவேளையாகக் கரையில் கவிழ்த்து வைத்திருந்தபோதே தெரிந்துவிட்டது. தண்ணீருக்கு நடுவில் விரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைப்பேன்.

அதற்குப் பிறகு எந்தத் தாளையும் அவிக்காமல் வாங்குவதில்லை. கடையில் மூன்று அங்குலச் சதுரத் துண்டு கேளுங்கள். தர மறுத்தால் அந்தக் கடை வேண்டாம். வீட்டுக்குக் கொண்டுவந்து அடுப்பில் பானையில் போட்டு, அது மிதக்காமல் மேலே ஒரு கல்லை வைத்து மூன்று நாலு மணி நேரம் கொதிக்கவிடுங்கள். எடுத்து அடுப்பு மேடையில் காயவையுங்கள். மறுபடி ஒரு தடவை கொதிக்கவையுங்கள். பிறகு அடுக்குக்கு நடுவில் உளியைக் குத்தி நெம்புங்கள். பசைக்கோட்டில் சுத்தமாகப் பிரிந்தால் அது கூரைக்குக்கூட ஆகாது. பிரிய மறுத்து மரநாரே கிழிந்து வந்தால் நல்ல பசை. பிஎஸ் 1088 என்ற சீல் மரைன் பிளைவுட்டுக்கான பிரிட்டிஷ் தரம். சீலைப் பாருங்கள், ஆனால் பானையை நம்புங்கள். தாளின் நாலு ஓரத்தையும் பாருங்கள், நடு அடுக்கில் ஓட்டை தெரியக்கூடாது. விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போங்கள், எங்காவது சத்தம் மாறினால் உள்ளே வெற்றிடம்.

மவுசாக்கலை என்றதால் இதையும் சொல்கிறேன். தண்ணீர் வற்றும்போது நீர்த்தேக்கத்தில் மூழ்கிய பழைய மஸ்கெலியாக் கோயில் மேலே தெரிவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அப்படியென்றால் மற்ற நாட்களில் சுவரும் கல்லும் அடிமரமும் தண்ணீருக்குக் கொஞ்சம் கீழேதான் நிற்கின்றன. அடிப்பக்கம் முழுக்கப் பைபர்கிளாஸ் துணி ஒட்டி, மேலே நீளவாக்கில் மூன்று மரப்பட்டி அடியுங்கள். உரசினால் பட்டி தேயட்டும், அதைக் கழற்றி மாற்றலாம்.

கேள்வி: படகுக்கு எப்பொக்சிப் பசை பூசி மூன்று நாள் ஆகியும் பிசுபிசுக்கிறது. சீக்கிரம் இறுகட்டும் என்று ஹாட்னரைக் கொஞ்சம் கூட்டித்தான் கலந்தேன். – வாசகர், ஹட்டன்

பதில்: கூட்டியதுதான் காரணம், தம்பி. பைபர்கிளாஸ் வேலையில் பழகியவர்கள் எல்லாரும் இதைச் செய்கிறார்கள். அங்கே பயன்படுத்துவது பொலியெஸ்டர் ரெசின். அதில் சில துளி ஹாட்னர் வேலையைத் தொடக்கிவிடும், துளி கூடினால் வேகமும் கூடும். எப்பொக்சி அப்படியல்ல. ரெசினும் ஹாட்னரும் கல்யாணச் சோடி மாதிரி, ஒன்றுக்கு ஒன்று சேர்ந்துதான் இறுகும். கூடுதலாக ஊற்றிய ஹாட்னர் சோடி இல்லாமல் ஈரமாகவே நிற்கும். டின்னில் எழுதிய விகிதம்தான் விகிதம். அது எடைக்கா அளவுக்கா என்றும் பாருங்கள், இரண்டும் ஒன்றல்ல.

பூசியதை இனிக் காப்பாற்ற முடியாது. சுரண்டி எடுத்து, அசிட்டோனால் துடைத்து, மறுபடி பூசுங்கள். வேகம்தான் வேண்டுமென்றால் சூட்டைக் கூட்டுங்கள். 10 பாகை குளிர்ந்தால் இறுகும் நேரம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். கொழும்பில் ஒரு இரவில் இறுகுவது ஹட்டனில் அப்படி இறுகாது. தை முதல் பங்குனி வரையிலான வெயில் நாட்களில், பனி விலகிய பிறகு பத்து மணிக்குத் தொடங்குங்கள். டின்களை முதலில் இளஞ்சூட்டுத் தண்ணீரில் நிறுத்திவையுங்கள், அடுப்பில் ஒருபோதும் வேண்டாம். பூசி முடித்துப் படங்கால் மூடி உள்ளே ஒரு பழைய குண்டு பல்பை எரியவிடுங்கள், படங்கிலும் பசையிலும் படாமல் தூக்கிக் கட்டி, அடிக்கடி போய்ப் பாருங்கள்.

மறுநாள் மேலே மெழுகு மாதிரி ஒரு வழுவழுப்பு இருந்தால் பயப்பட வேண்டாம். ஈரக் காற்றில் அது வரும். வெறும் தண்ணீரும் துணியும் போதும், கழுவிய பிறகுதான் சாண்ட் பேப்பர் போட வேண்டும். கம்பியால் தைத்த மூலைகளை நிரப்ப எப்பொக்சியில் மரத்தூள் கலக்கும்போது தோசை மா பதத்தில் நிறுத்திவிடாதீர்கள், வழியும். களி பதம் வரவேண்டும், கரண்டியில் எடுத்துக் கவிழ்த்தால் விழாமல் நிற்க வேண்டும்.

கேள்வி: எனக்குக் கிடைத்த பிளானில் அளவெல்லாம் 1-6-3, 0-11-5 என்று இருக்கிறது. இது என்ன கணக்கு? – வாசகர், புசல்லாவை

பதில்: அடி, அங்குலம், அங்குலத்தில் எட்டில் எத்தனை பங்கு என்று வாசிக்க வேண்டும். 1-6-3 என்றால் ஒரு அடி, ஆறு அங்குலம், எட்டில் மூன்று. பக்கத்தில் கூட்டல் குறி இருந்தால் இன்னும் பதினாறில் ஒரு பங்கு. முதல் வேலையாக எல்லாவற்றையும் மி.மீ.க்கு மாற்றி ஒரு கொப்பியில் எழுதிவிடுங்கள். அந்தப் புள்ளிகளைப் பிளைவுட்டில் குறித்து, ஒவ்வொன்றிலும் சின்ன ஆணி அடித்து, வளையக்கூடிய மெல்லிய சட்டத்தைச் சாய்த்துக் கோடு வரையுங்கள். ஏதாவது ஒரு ஆணியில் சட்டம் துள்ளி நின்றால் அந்த அளவை மறுபடி பாருங்கள். அங்கே கணக்கை நம்ப வேண்டாம், சட்டத்தின் வளைவை நம்புங்கள்.

கேள்வி: இதே தட்டைப் படகைக் கித்துல்கலையில் பாறைகளுக்கு நடுவே நுரைத்துப் பாயும் வெள்ளைத் தண்ணீரில் ஓட்டலாமா? – வாசகர், கினிகத்தேனை

பதில்: வேண்டாம். அங்கே காற்றடித்த ரப்பர் படகு பாறையில் மோதி எம்பிக் குதிக்கும், 6 மி.மீ. பலகை பிளந்துவிடும்.

கேள்வி: கடலே பார்க்காத மலையில் படகு கட்டுவதா என்று லயத்தில் எல்லாரும் கேட்கிறார்கள். எங்களுக்கு இருப்பது ஒரு காம்பரா அறையும் முன்னால் இஸ்தோப்புத் திண்ணையும்தான். 14 அடிப் படகு கட்ட முடியுமா? – வாசகர், தலவாக்கலை

பதில்: கேட்பவர்கள் கேட்கட்டும். வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற கப்பல் பாய்மரத்தில் போய் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் சேர்ந்தது. அதைக் கட்டியவர்களும் நம்மைப் போலக் கையால் வேலை செய்தவர்கள்தான். நம்மைச் சுற்றி காசல்ரீ, மவுசாக்கலை, கொத்மலை என்று இத்தனை தண்ணீர் இருக்கும்போது நாம் ஏன் கட்டக்கூடாது? நீர்த்தேக்கத்தில் இறக்குவதற்கு முன் பொறுப்பானவர்களிடம் அனுமதி மட்டும் கேளுங்கள்.

இடம்தான் உங்கள் பிரச்சினை. பத்துக்குப் பன்னிரண்டு காம்பராவுக்குள் 14 அடி அடங்காது. பலகைகளைக் காம்பராவில் வரைந்து வெட்டுங்கள், தைப்பதை இஸ்தோப்பில் வையுங்கள், ஒரு முனை வெளியே நீண்டால் படங்கு கட்டலாம். இல்லையென்றால் 11 அடிப் பிளானுக்கு இறங்குங்கள். காம்பராவில் மூலைக்கு மூலை வைத்தால் அது அடங்கும். ஆனால் உள்ளே தைத்து முடித்தால் வெளியே எடுக்க வழி இருக்க வேண்டும். படகைச் சரித்துத்தான் கொண்டுவர முடியும். அதனால் பிளான் தேர்வதற்கு முன் டேப்பை எடுத்து மூன்று அளவு எழுதி எனக்கு அனுப்புங்கள்: வாசலின் அகலம், வாசலின் உயரம், வாசலுக்கு நேர் எதிரே இஸ்தோப்புச் சுவர் வரை எவ்வளவு தூரம்.